மின்சார மோட்டார் கார் சாமானியருக்குக் கட்டுபடியாகுமா?

(சென்னை ராயப்பேட்டையில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மின்சாரத்தில் ஓடும் மோட்டார் காரைப் பற்றிப் பேசாத ஊர் இன்று இல்லை எனலாம். வாங்கியவர் அதனைப் புகழ்கிறார், வாங்காதவர் ஐயுறுகிறார். விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்குவதும் தகாது. அண்டை வீட்டார் அச்சுறுத்தினார் என்று ஒதுக்கிவிடுவதும் தகாது. கடன் பெற்றுக் கார் வாங்கும் ஒரு குடும்பத்திற்கு அது நிலம் வாங்குவதற்கு ஒப்பான முடிவு. நிலம் வாங்குமுன் மண்ணைப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோம், பட்டாவைப் பார்க்கிறோம். அவ்வாறே இந்த வண்டியையும் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு உதவியாகச் சில செய்திகளையும் ஒரு கணக்கையும் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்னைக்குப் புதிதன்று

இந்தக் கூட்டம் நடைபெறும் ராயப்பேட்டைக்கு அருகில், இன்று அண்ணா சாலை என வழங்கும் மவுண்ட் ரோடு இருக்கிறது. 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. முதலில் தரைக்கடியில் அமைத்த வழியிலிருந்தும், பிற்காலத்தில் தலைக்கு மேல் கட்டிய கம்பியிலிருந்தும் அவ்வண்டி மின்சாரம் பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் நகர மக்களைச் சுமந்த அந்த டிராம் 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. ஆகவே மின்சாரத்தில் வண்டி ஓட முடியுமா என்ற வினாவுக்குச் சென்னை நகரம் நெடுங்காலத்துக்கு முன்பே விடை கண்டுவிட்டது.

மின்சாரக் காரும் பழமையானதே. 1899-இல் பிரான்சு தேசத்தில் காமில் ஜெனாட்ஸி என்பவர் மின்சாரக் கார் ஒன்றை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அந்நாளில் அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் கணிசமாக ஓடின. பின்னர் பெட்ரோல் மலிவாயிற்று. 1908 முதல் ஃபோர்டு கம்பெனியின் மலிவான கார் வந்தது. 1912 முதல் கையால் சுழற்றாமலே எஞ்சினைக் கிளப்பும் கருவியும் கார்களில் பொருத்தப்பட்டது. பாட்டரி காரோ விலை உயர்ந்ததாகவும் குறைந்த தூரமே செல்லக்கூடியதாகவும் இருந்தது. ஆகவே அது பின்தங்கிற்று.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு பெங்களூரில் ரேவா என்னும் சிறு மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. ஈய அமிலப் பாட்டரி கொண்ட அந்த வண்டி ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் சென்றது. நகருக்குள் போய்வர அது போதும். ஆயினும் குடும்பத்தின் ஒரே வண்டியாக அதனை ஏற்கப் பெரும்பாலோர் முன்வரவில்லை.

நிலைமையை மாற்றியது லித்தியம் பாட்டரி. 1991-இல் இது முதன்முதல் கடைக்கு வந்தது. இதனை உருவாக்குவதில் முன்னோடிகளான குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எடைக்கு எடை பார்த்தால், ஈய அமிலப் பாட்டரியைப்போல் மூன்று நான்கு மடங்கு மின்சாரத்தை லித்தியம் பாட்டரி தாங்குகிறது. நம் கையிலுள்ள செல்பேசியில் இருப்பதும் இவ்வினமே.

பம்புசெட்டு கற்பித்த பாடம்

விவசாயிகளுக்கு மின்சார மோட்டாரின் சிறப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கவலை ஓட்டி நீர் இறைத்த காலம் போய் ஆயில் எஞ்சின் வந்தது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின், மின்கம்பி சென்ற இடமெல்லாம் மின்சாரப் பம்புசெட்டு பரவிற்று. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. ஆயில் எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் உள்ள வேற்றுமை தாங்கள் அறிந்ததே. எஞ்சினில் புகை, சத்தம், எண்ணெய் மாற்றும் வேலை, தேயும் உறுப்புகள் எனப் பல தொல்லைகள். மோட்டாரில் சுழலும் பகுதி ஒன்றே. ஸ்விட்சைப் போட்டால் ஓடுகிறது.

காரிலும் இதே வேற்றுமைதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்துக்கு அளிக்கிறது. மீதியெல்லாம் சூடாகவும் புகையாகவும் வீணாகிறது. மின்சார மோட்டாரோ தான் பெறும் மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வேலையாக மாற்றுகிறது. 24 யூனிட் கொள்ளும் பாட்டரியில் உள்ள சக்தி மூன்று லிட்டர் பெட்ரோலைக் காட்டிலும் குறைவே. எனினும் அதைக் கொண்டு ஒரு சிறு கார் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கிணற்றடி மோட்டார் நிலையாக ஓரிடத்தில் நிற்கிறது. மின்கம்பி அதனிடம் வந்து சேர்கிறது. கார் ஊர் ஊராய்ப் போவது. கம்பி அதன் பின்னால் வராது. தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது தானே சுமந்து செல்ல வேண்டும். மின்சாரக் காரைப் பற்றிய எல்லாச் சிக்கல்களும், விலை, தூரம், நேரம், ஆயுள் ஆகிய நான்கும், இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன. மோட்டார் மலிவு, பாட்டரிதான் விலை.

கணக்குப் பார்ப்போம்

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் டாடா கம்பெனி தியாகோ மின்சாரக் காரை ரூ. 8.49 லட்சம் தொடக்க விலையில் அறிவித்தது. 2023-இல் எம்.ஜி. கம்பெனி கோமெட் என்னும் இரண்டு கதவுச் சிறு காரைக் கொண்டு வந்தது. சாமானியர் எட்டிப் பார்க்கக்கூடிய வண்டிகள் இவையே. இந்த வகையில் பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் விலை வேற்றுமை ரூ. 3 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. மின்சார வண்டிக்குச் சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டு முதல் நூற்றுக்கு 5 மட்டுமே. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறு பெட்ரோல் கார்களின் வரியும் 28-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. ஒரு பக்கத்துச் சலுகையை மட்டும் எண்ணுவது சரியான கணக்காகாது.

இனி ஓட்டும் செலவைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் ரூ. 100 எனவும், நகர நெரிசலில் சிறு கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது எனவும் கொள்வோம். கிலோமீட்டருக்கு ரூ. 6.67 ஆகிறது. மின்சாரக் கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் செல்கிறது எனக் கொள்வோம். வீட்டு மின்சாரம் யூனிட் ரூ. 10 என்றால் கிலோமீட்டருக்கு ரூ. 1.67. ஆக, வீட்டில் சார்ஜ் ஏற்றுவோருக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 5 மிச்சம். வெளியில் விரைவு சார்ஜ் நிலையத்தில் யூனிட்டுக்கு ரூ. 20 கொடுத்தால் கிலோமீட்டருக்கு ரூ. 3.33 செலவு, மிச்சமும் அவ்வளவே.

கூடுதலாகக் கொடுத்த ரூ. 3 லட்சத்தை மீட்பதற்கு வீட்டில் சார்ஜ் ஏற்றுவோர் 60,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வெளியில் ஏற்றுவோர் 90,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இப்பொழுது மூன்று பேரை எண்ணிப் பார்ப்போம்.

முதலாமவர் ராயப்பேட்டையில் வாழும் ஓய்வுபெற்ற ஊழியர். கோயிலுக்கும் கடைக்கும் உறவினர் வீட்டுக்குமாக ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவர் போட்ட பணத்தை மீட்க 20 ஆண்டுகள் ஆகும். இரண்டாமவர் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயி. நாளுக்கு 27 கிலோமீட்டர், ஆண்டுக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு 6 ஆண்டுகள் ஆகும். மூன்றாமவர் வாடகைக் கார் ஓட்டுபவர். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு வீட்டில் சார்ஜ் ஏற்ற இடமிருந்தால் ஒன்றரை ஆண்டில் பணம் திரும்பிவிடும்.

கடன் வாங்குவோர் வட்டியையும் எண்ண வேண்டும். ரூ. 3 லட்சத்துக்கு நூற்றுக்கு 9 வீதம் ஆண்டு வட்டி ரூ. 27,000. கிலோமீட்டருக்கு ரூ. 5 மிச்சமாகும்போது, முதல் ஆண்டில் வட்டியை மட்டும் அடைக்கவே 5,400 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதனினும் குறைவாக ஓட்டுபவர் ஆண்டு முழுதும் மிச்சம் பிடித்தாலும் அசலில் ஒரு காசும் குறையாது. எஞ்சின் எண்ணெய், ஃபில்டர், கிளட்ச் ஆகிய செலவுகள் மின்சாரக் காரில் இல்லை. அது ஓர் அனுகூலம். இன்சூரன்ஸ் கட்டணம் கூடுதலாக இருக்கலாம், அது பிரதிகூலம். இரண்டையும் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டு மின்கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடும் நம் கட்டண முறையில் முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக விலை ஏறுகிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் காருக்கு இரண்டு மாதத்தில் சுமார் 280 யூனிட் வேண்டும். 250 யூனிட் செலவழித்து வந்த வீடு 530 யூனிட்டுக்கு உயரும். 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படிகளின் விலையும் மாறும். சிறு குடும்பத்துக்கு, காருக்காகக் கூடும் தொகையை யூனிட்டுக்குப் பிரித்தால் நான் சொன்ன ரூ. 10-ஐ விடக் குறைவாகவே இருக்கும். ஏற்கெனவே குளிர்சாதனம் ஓடும் வீட்டில் அதனினும் கூடும். அவரவர் மின் அட்டையை வைத்துக்கொண்டு கணக்கிடுவதே முறை.

எவ்வளவு தூரம் ஓடும்?

விளம்பரத்தில் காணும் தூரம் சோதனைச்சாலையில் அளந்த தூரம். 24 யூனிட் பாட்டரியுள்ள தியாகோ காருக்கு 315 கிலோமீட்டர் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. குளிர்சாதனம் போட்டு, ஆட்களை ஏற்றி, நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது 170 முதல் 200 கிலோமீட்டர் என்று எதிர்பார்ப்பதே விவேகம். விளம்பர எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு, அதிலும் கடைசி 20 கிலோமீட்டரை அவசரத்துக்கு ஒதுக்கி வைத்தால் நடுவழியில் நிற்கும் நிலை நேராது.

இங்கிருந்து காஞ்சிபுரம் போய்த் திரும்ப ஏறத்தாழ 150 கிலோமீட்டர். முழு சார்ஜுடன் புறப்பட்டால் சிறு கார் போய் வந்துவிடும். திருச்சிராப்பள்ளிக்கு 330 கிலோமீட்டர். அதற்கு வழியில் இரண்டு முறையேனும் நின்று சார்ஜ் ஏற்ற வேண்டும். விரைவு சார்ஜ் நிலையத்திலும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். நிலையம் பழுதுபட்டிருந்தாலோ முன்னால் வேறு வண்டி நின்றாலோ இன்னும் தாமதமாகும். பண்டிகை நாளில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர் இதனை முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய பாட்டரியுள்ள கார்கள் அதிக தூரம் செல்லும் என்பது உண்மையே. அவற்றின் விலை சாமானியருக்கு எட்டாது என்பதும் உண்மையே.

சார்ஜ் ஏற்ற இடம்

மின்சாரக் காருக்கு மிக அவசியமானது, இரவில் நிறுத்தி வைக்கச் சொந்த இடமும் அங்கே ஒரு நல்ல பிளக்கும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். இரவு படுக்கப் போகும்போது மாட்டினால் விடியும்போது நிறைந்துவிடும். பெட்ரோல் நிலையத்துக்குப் போகும் வேலையே இல்லை.

இந்த வகையில் ராயப்பேட்டையையும் கிராமத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மணிக்கூண்டைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கிறது. கார் தெருவோரம் நிற்கிறது. மாடியிலிருந்து நடைபாதை மீது கம்பியை இழுத்துச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. அது கூடவே கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்த இடம் இருந்தாலும், பொது மீட்டரிலிருந்து எடுத்தால் யார் எவ்வளவு எடுத்தார் என்ற தகராறு எழுகிறது. தனி மீட்டர் வைத்துக்கொண்டாலன்றி அமைதி இராது. சார்ஜ் நிலையத்தையே நம்பி வாழும் நகரவாசிக்கு மிச்சமும் குறைவு, வசதியும் குறைவு.

கிராமத்தில் வாசல் உண்டு, களம் உண்டு, கொட்டகை உண்டு. இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே வேறு குறைகள் உண்டு. பல வீடுகளில் அனுமதி பெற்ற மின்பளு மிகக் குறைவு. காருக்கு அதனை உயர்த்தி எழுதி வாங்க வேண்டும். பழைய ஒயரும் பெயருக்கு இருக்கும் எர்த்தும் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடும் மின்சாரத்தைத் தாங்கா. மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் சார்ஜ் ஏறுவது தடைபடும். பழுது பார்க்கும் நிலையம் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கும்.

இங்கே விவசாயிகளுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பம்புசெட்டுக்கு அரசு அளிக்கும் இலவச மின்சாரம் பயிருக்கு நீர் இறைப்பதற்காக. அந்த இணைப்பிலிருந்து காருக்கோ ஸ்கூட்டருக்கோ சார்ஜ் ஏற்றலாகாது. அனுமதித்த காரியத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிக்கலாம். ஒரு சிலர் செய்யும் தவறு, எல்லா விவசாயிகளும் அனுபவிக்கும் சலுகைக்குப் பழியாக வந்து சேரக்கூடாது.

கூரையில் சூரிய மின்தகடு அமைக்க எண்ணுவோருக்கு 2024-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ. 78,000 வரை மானியம் உண்டு. அவ்வளவு தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் தரும். நாளுக்கு 27 கிலோமீட்டர் ஓடும் காருக்கு வேண்டியது 5 யூனிட்டுக்கும் குறைவே.

பாட்டரியின் ஆயுளும் பாதுகாப்பும்

பாட்டரி கெட்டுவிட்டால் என்ன செய்வது என்பதே பலரின் அச்சம். அச்சம் நியாயமானதே, காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பாட்டரியின் விலை இருக்கிறது. இதனாலேயே நம் நாட்டில் கார் கம்பெனிகள் பல, பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் அளிக்கின்றன. உத்தரவாதப் பத்திரத்தைப் படித்து, எத்தனை சதவீதம் சக்தி குறைந்தால் மாற்றித் தருவார்கள், இரண்டாவதாக வாங்கும் உரிமையாளருக்கும் அது செல்லுமா, வாடகைக்கு ஓட்டினால் செல்லுமா என்ற மூன்றையும் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டும். பாட்டரிக்குப் பகை வெப்பம். வண்டியை நிழலில் நிறுத்துவதும், வெயிலில் ஓடி வந்த உடனே சார்ஜ் போடாமல் ஆறவிடுவதும், விரைவு சார்ஜை அவசியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் ஆயுளைக் கூட்டும்.

பழைய வண்டியை விற்கும் நிலையையும் நினைக்க வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிப் பாகம் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய பாகமும் கிடைக்கும். தெரு முனை மெக்கானிக்குக்கும் எஞ்சினின் நுட்பம் தெரியும். மின்சாரக் காருக்கு அத்தகைய வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே பழைய மின்சாரக் காரின் விலை விரைவாக இறங்குகிறது. வாங்கி மூன்று ஆண்டில் விற்பவருக்கு இது நஷ்டம். பத்து ஆண்டு வைத்திருப்பவருக்குப் பாதகமில்லை.

தீப் பிடிக்கும் என்ற பேச்சும் உண்டு. 2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் உயிரிழந்த துயரம் நாடறிந்தது. அவ்வாண்டு நிகழ்ந்த விபத்துக்களுக்குப் பின் பாட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. எனினும் நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை உள்ளன. உறங்கும் அறையிலோ வெளியேறும் வாயிலிலோ சார்ஜ் போடலாகாது. கம்பெனி அளித்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். பிளக்கும் ஒயரும் தரமானவையாக, தனி சர்க்கியூட்டாக, நல்ல எர்த்துடன் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், நிபுணர் சோதிக்குமுன் சார்ஜ் போடவே கூடாது.

கார் மட்டுமே வண்டியன்று

சாமானியருக்கு ஏற்ற மின்சார வண்டி எது என்று கேட்டால், இன்றைய நிலையில் காரைக் காட்டிலும் ஸ்கூட்டரையும் ஆட்டோவையுமே முதலில் சொல்வேன். இந்தியாவில் விற்கும் மின்சார வண்டிகளில் மிகப் பெரும் பகுதி இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளே. 2024-இல் விற்ற புதிய கார்களில் மின்சாரக் கார் நூற்றுக்கு மூன்று கூட எட்டவில்லை. அதே ஆண்டில் நார்வே நாட்டில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது அளவுக்கு மின்சாரக் கார்களாக இருந்தன. அங்கே பெட்ரோல் கார்மீது கடும் வரி, மின்சாரக் காருக்கு நீண்ட காலச் சலுகை, தேவையான மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து. இம்மூன்றும் சேர்ந்தே அந்நிலையை உண்டாக்கின. பிறர் நாட்டுக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது சரியாகாது.

பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ரூ. 2.20 செலவு. மின்சார ஸ்கூட்டர் யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் 33 பைசா. விலையில் ரூ. 25,000 கூடுதல் என்றாலும் 13,000 கிலோமீட்டரில் மீண்டுவிடும்; நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பதினைந்து மாதங்கள் போதும். பால் ஊற்றுபவர், பூ விற்பவர், தபால் கொண்டு செல்பவர் ஆகியோருக்கு இது நேரான லாபம். இத்தொழில் நம் மாநிலத்திலேயே வளர்ந்திருப்பதும் மகிழ்ச்சிக்குரியது. ஓசூரில் டி.வி.எஸ்., ஏதர் கம்பெனிகளும், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஓலாவும், ராணிப்பேட்டையில் ஆம்பியரும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்கின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை தரும் தொழில் இது.

கார் வாங்க இயலாத பெரும்பான்மையோரின் வண்டி பஸ்தான். 2025 ஜூன் 30-ஆம் நாள் சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் தொடங்கி வைக்கப்பட்டன. நாள் முழுதும் ஓடி, இரவில் பணிமனையில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸுக்கு மின்சாரம் மிகவும் பொருந்தும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தங்கள் ஊரில் சார்ஜ் நிலையம் வேண்டுமெனத் தீர்மானம் போடுமுன் சில விவரங்களைத் திரட்ட வேண்டும். ஊரில் மின்சார ஆட்டோ எத்தனை, ஸ்கூட்டர் எத்தனை, நெடுஞ்சாலை எவ்வளவு தொலைவு, அருகிலுள்ள டிரான்ஸ்பார்மர் கூடுதல் பளு தாங்குமா என்பவற்றை மின்வாரியப் பொறியாளரிடமும் ஊராரிடமும் கேட்டறிய வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊருக்கு விரைவு சார்ஜ் நிலையம் வருவாய் தரலாம். உள்ளடங்கிய ஊருக்கு அது வீண் செலவு. பஸ் நிறுத்தத்தருகே மீட்டருடன் கூடிய இரண்டு மூன்று 15 ஆம்பியர் பிளக்குகளே ஆட்டோ ஓட்டுவோருக்குப் போதும். பொது சார்ஜ் நிலையத்துக்குத் தனிக் கட்டண வகை உண்டு. அதன்படி இணைப்புப் பெற வேண்டும். புறம்போக்கு நிலத்தை நீண்ட குத்தகைக்கு விடுமுன், கருவி பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பல பஞ்சாயத்துகளில் குப்பை சேகரிக்கப் பாட்டரி வண்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை முதலில் சீராக வைத்துக்கொள்வோமாக. சார்ஜ் தீர்ந்த பாட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால், ஈய அமிலப் பாட்டரி திரும்ப உயிர் பெறாது. நாள்தோறும் சார்ஜ் ஏற்றவும், தேவையான வகைக்கு வடித்த நீர் ஊற்றவும், ஓடிய தூரத்தையும் பழுதையும் ஒரு நோட்டில் எழுதவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அந்த நோட்டு ஓராண்டு தொடர்ந்து எழுதப்பட்டால், மின்சார வண்டியைப் பற்றி எந்த வியாபாரி சொல்வதைக் காட்டிலும் அதிக உண்மையைத் தங்கள் ஊருக்கு அது சொல்லும். பழைய பாட்டரியைக் குளத்தோரத்தில் போடாமல், 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிய சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதும் பஞ்சாயத்தின் கடமை.

நண்பர்களே, மின்சாரக் கார் புகை விடுவதில்லை; ஆனால் அதற்கான மின்சாரத்தில் ஒரு பகுதி நெய்வேலியிலும் பிற இடங்களிலும் நிலக்கரி எரித்துப் பெறுவதே. காற்றாலையும் சூரிய சக்தியும் பெருகப் பெருக அந்தப் பயன் முழுமையாகும். கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நம் தேசத்துக்கு, இங்கே விளையும் மின்சாரத்தில் வண்டி ஓடுவது நன்மையே.

தங்கள் குடும்பத்துக்கு அது பொருந்துமா என்பதற்கு நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றச் சொந்த இடம் உண்டா? ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டரேனும் ஓடுமா? நெடும்பயணம் ஆண்டில் சில முறைதானா? பத்து ஆண்டு வைத்திருக்கும் எண்ணம் உண்டா? நான்குக்கும் ஆம் என்பவர் தயங்காமல் வாங்கலாம். இரண்டுக்கு இல்லை என்பவர் இன்னும் சில ஆண்டு பொறுக்கலாம். பாட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது, பொறுத்தவருக்கு நஷ்டமில்லை. சாலை வரிச் சலுகையும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவன. முன்பணம் கட்டும் நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாளும் பேனாவும் எடுத்து, வீட்டாரையும் அருகில் வைத்துக்கொண்டு கணக்கை எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.